கட்டுமரம் கரையேறிய பிறகு கேட்கவேண்டிய கேள்விகள்

ஓய்வுபெற்ற அலுவலர்கள் கூடிய ஒரு மதிய விருந்தில், என் துறையில் எனக்குப் பின்னால் சேர்ந்து எனக்கு மேலே உயர்ந்தவர் ஒருவர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பற்றி ஒரு வேடிக்கை சொன்னார். "நம்ம அம்மாவுக்கு வேண்டிய பதில் வரலைன்னு வெச்சுக்கோங்க, கேள்வியையே மாத்திடுவாங்க!" பந்தியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. இலையை மூடிவிட்டு எழுந்து வந்தேன்.

அவர் அந்த நாட்களில் துறையிலேயே இல்லை. யாரோ சொன்னதை யாரிடமோ கேட்டு, முப்பது ஆண்டுகள் சுமந்துவந்து பாயசத்தோடு பரிமாறினார். அங்கே இருந்தவள் நான். ஆகவே நடந்ததை நானே எழுதிவைக்கிறேன். இதில் மன்னிப்பு எதுவும் கிடையாது. அதை எதிர்பார்த்துப் படிப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

கேள்வியை மாற்றினேன். அதை ஒருநாளும் நான் மறுத்ததில்லை.

எழுபதுகளின் பிற்பகுதி. சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரியில் கணிதமும், பிறகு புள்ளியியலும் படித்துவிட்டுப் புதுச்சேரிக்குத் திரும்பி, மக்கள்நலக் கணக்கெடுப்பு செய்யும் ஓர் அலுவலகத்தில் பொறுப்பில் இருந்தேன். அலுவலகத்தின் பெயர் தேவையில்லை. முப்பது வயதைத் தாண்டியும் திருமணம் செய்துகொள்ளாத பெண் ஆய்வு அலுவலராக இருந்ததே அன்றைக்கு ஊரில் ஒரு பேச்சாக இருந்தது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

நகரத்துக்குப் புதிதாக ஒரு தாய்சேய் நல நிலையம் வரவிருந்தது. ஒன்றே ஒன்று. அதை எங்கே வைப்பது என்று முடிவெடுக்க ஒரு கணக்கெடுப்பு. ஆலைத் தொழிலாளர்கள் வாழும் தெருக்கள், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர்கள் வாழும் தெருக்கள், மீனவர்கள் வாழும் வைத்திக்குப்பம் ஆகிய மூன்று இடங்களில் வீடு வீடாகப் போய்க் கேட்கவேண்டும். எங்கே நோய் அதிகமோ அங்கே நிலையம். பார்வைக்கு இதைவிட நியாயமான ஏற்பாடு இருக்கமுடியாது.

கேள்வித்தாள் நாட்டின் தலைநகரில் ஆங்கிலத்தில் தயாராகி, தமிழாக்கப்பட்டு, அச்சாகியே வந்துவிட்டது. மேடையில் முழங்கிப் பழகிய யாரோ தமிழாக்கியிருக்கவேண்டும். "கடந்த ஒரு மாத காலத்தில் தங்கள் இல்லத்தில் எவரேனும் நோய்வாய்ப்பட்டனரா? ஆமெனில் நோயின் பெயர் யாது?" இதை ஒரு சொல்கூட மாற்றாமல் எல்லா வாசலிலும் வாசிக்கவேண்டும் என்பது கட்டளை. எங்கள் கணக்கெடுப்பாளர்கள் காலை பத்து மணிக்குக் கிளம்பி, வாசித்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பினார்கள்.

தாள்கள் வந்து குவிந்ததும் கூட்டிப் பார்த்தேன். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் கூட்டினேன். வைத்திக்குப்பத்தில் அந்த மாதம் யாருக்கும் எதுவும் வரவில்லை. மழை ஓய்ந்து சாக்கடையும் கிணறும் ஒன்றாகிக் கிடந்த மாதம். ஒரு குழந்தைக்குக்கூடக் காய்ச்சல் இல்லை, பேதி இல்லை, இருமல் இல்லை.

எங்கள் இணை இயக்குநர் சென்னையிலிருந்து வந்தவர், மருத்துவம் படித்தவர், கோபக்காரர், ஆனால் கெட்டவரல்லர். அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மகிழ்ந்துபோனார்.

"பாத்தீங்களா? கடல் காத்து! தினம் மீன் சாப்பிடறா. நம்மள மாதிரி மோர் சாதமா? சரி, குப்பத்த லிஸ்ட்லேர்ந்து அடிச்சுடுங்க."

"சார், பூஜ்யம் எந்த ஊர்லயும் வராது. குழந்தைங்க இருக்கற எடத்துல பூஜ்யம் வந்தா கணக்குல கோளாறு இருக்குன்னு அர்த்தம்."

"ஏம்மா, நோயே இல்லேன்னு மக்களே சொல்றா. உங்களுக்கு அதுல என்ன வருத்தம்?"

மறுநாள் காலை நானே குப்பத்துக்குப் போனேன். வடகோடியில் ஒரு கூரைவீட்டின் முன்னால், இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி கடலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். என் கையிலிருந்த அட்டையையும் தாளையும் கண்டதும் முகம் கடுத்தது.

"கு.க.வா? எங்க வூட்டு ஆம்பள இல்ல. போயிட்டு வா."

குடும்பக் கட்டுப்பாட்டைச் சொன்னாள். நெருக்கடிநிலை முடிந்து அதிகக் காலம் ஆகவில்லை. அட்டையோடு வருகிறவர்கள் எல்லாரும் ஆண்களைப் பிடித்துக்கொண்டுபோக வந்தவர்கள் என்ற அச்சம் குப்பத்தில் இன்னும் இருந்தது.

"அது இல்லம்மா. உடம்பு சௌகரியம் எப்படின்னு கேக்க வந்திருக்கேன். இந்த மாசத்துல வீட்ல யாருக்காவது முடியாம இருந்துச்சா?"

"எல்லாரும் நல்லா இருக்கோம்."

"குழந்தைக்கு?"

"அதான் சொல்றேன்ல? எல்லாரும் நல்லா இருக்கோம். நீ போயி வேற வூட்ட பாரு, புண்ணியமா போவும்."

அந்தக் குழந்தையின் கண்கள் செருகியிருந்தன, உதடு வெடித்திருந்தது. நெற்றியைத் தொடப் போனேன். அவள் சட்டென்று குழந்தையை மறுபக்க இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். என்னோடு பேசியபோதும் அவள் பார்வை கடலைவிட்டு நகரவில்லை. நானும் பிடிவாதக்காரி, நகராமல் நின்றேன். அவள் என்னைப் பொருட்படுத்தவில்லை.

சற்றுக் கழித்துக் கரையில் கூச்சல் கேட்டது. அலையைத் தாண்டி ஒரு கட்டுமரம் மணலில் வந்து முட்டியது. இறங்கியவர்களில் ஒருவன் துடுப்பைத் தூக்கி மணலில் எறிந்தான். அவளுடைய தோள்கள் தளர்ந்தன. அதன்பின்தான் என்னை நேராகப் பார்த்தாள்.

"மூணு நாளா காயுதும்மா இதுக்கு. பால் குடிச்சா கக்கிடுது. விடியகால கண்ணே தொறக்கல. உங்கிட்ட மாத்திர எதுனா இருக்கா?"

"இப்பதானே எல்லாரும் நல்லா இருக்கோம்னு சொன்ன?"

"அப்ப அது தண்ணியில இருந்துச்சு." கணவனைத்தான் சொன்னாள். "அந்நேரத்துல வாசல்ல நின்னுகினு நோவு நொடின்னு வாயால சொல்லுவாங்களா? இன்னா கேள்வி கேக்கற நீ! மாத்திர இருக்கா, இல்லியா?"

மாத்திரை இல்லை. பெரிய மருத்துவமனைக்குத் தூக்கிப்போகச் சொன்னேன். அவள் சிரித்தேவிட்டாள். "மீன வித்துட்டு நான் அங்க போறதுக்குள்ள சீட்டு குடுக்கறத நிறுத்திடுவாங்க. போயிப் போயித் திரும்பி வந்தவதான் நான்." அன்று ரிக்‌ஷா பிடித்து இருவரையும் அழைத்துக்கொண்டுபோய், என் அடையாள அட்டையைக் காட்டிச் சீட்டு வாங்கிக் கொடுத்தேன். குழந்தை பிழைத்தது. ஆனால் குப்பத்தில் எல்லாருடைய முந்தானையிலும் என் அடையாள அட்டை முடிந்திருக்கப்போவதில்லை. அவர்களுக்கு வேண்டியது அந்த நிலையம். அதை அவர்கள் வாயாலேயே வேண்டாமென்று சொல்லவைத்துக்கொண்டிருந்தது எங்கள் கேள்வி.

ஆண்கள் கடலில் இருக்கும் வேளையில் வீட்டுப் பெண்கள் நோயையோ சாவையோ வாயால் சொல்வதில்லை. நாங்கள் போனது அத்தனையும் அந்த வேளையில். இதை அலுவலகத்தில் சொன்னபோது, மூடநம்பிக்கை என்று சிலர் சிரித்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது மகளுடைய இழுப்பு நோயைப் பற்றி உங்கள் வீட்டில் யாராவது பேசியதுண்டா என்று கேட்டேன்.

குப்பத்துப் பதில்கள் மட்டுமே தவறு, மற்றவை சரி என்று நினைத்துக்கொள்வது வசதியாக இருந்திருக்கும். எனக்கு அந்த வசதி பழக்கமில்லை. ஆலைத் தெருக்களுக்கும் போனேன். நூற்பாலையில் வேலை செய்யும் ஒருவர், மார்பு ஏறி இறங்க மூச்சு வாங்கிக்கொண்டே எனக்குப் பதில் சொன்னார்.

"நோவா? எனக்கா? ஆலையில கேட்டுப் பாருங்க, ஒருநாள் லீவு போட்டவன் கெடையாது."

உள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது. "இருமறதுக்கு லீவு குடுப்பாங்களான்னு கேட்டுச் சொல்லுங்கம்மா. எங்க காதுக்காவது ரெஸ்டு கெடைக்கும்."

"நீ சும்மா இரு. ஆபீசரம்மா கேக்கறது நோவ."

ஆலையின் மருத்துவர் சீட்டு எழுதி, விடுப்பும் கிடைத்தால்தான் அவருக்கு அது நோய். நான் வேறு விதமாகக் கேட்டேன். ஞாயிறு வீட்டில் இருந்துவிட்டுத் திங்களன்று உள்ளே போனதும் நெஞ்சு அடைக்கிறதா?

"அடைக்கும். எல்லாருக்குந்தான் அடைக்கும். அது நோவு இல்லம்மா, அது திங்கக்கெழம."

பஞ்சுத் தூசியால் வரும் நெஞ்சு நோய் மருத்துவ நூல்களில் இருக்கிறது. எங்கள் முதல் சுற்றுத் தாளில் அவர் ஆரோக்கியமானவர்.

மூன்றாவதாகப் போன தெருக்களில் வேறு விதமான சுவர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் பெறுகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். அப்படிப்பட்ட முதியவர் ஒருவர், நான் கேள்வியை வாசித்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து விறைப்பாக நின்று, "போன் சாந்தே!" என்றார். நல்ல உடல்நலம் என்று பொருள். ஆண்டுதோறும் பிரெஞ்சுத் தூதரகத்துக்குப் போய், உயிரோடிருக்கிறேன் என்று காட்டினால்தான் ஓய்வூதியம் வரும். அரசாங்கத் தாளோடு வந்து உடல்நலம் விசாரிக்கிற எவரும் அவருக்கு அந்தத் தூதரகத்து ஆள்தான். பேசி முடித்தவர் நாற்காலியைத் தேடித் தடவிக்கொண்டு உட்கார்ந்தார். கண் சரியாகத் தெரியவில்லை. அவருடைய மனைவி என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டார்.

"மதாம், இந்தத் தெருவுல வந்து யாருக்கு நோய்னு கேக்காதீங்க. நாங்க வரிசையில நின்னு மருந்து வாங்கறவங்க இல்ல."

"உங்க வீட்டு டாக்டர் கடைசியா எப்ப வந்தார், மதாம்?"

"நேத்துதான் வந்தார்!" என்றார் பெருமையோடு. டாக்டர் எதற்கு வந்தார், என்ன ஊசி போட்டார், சர்க்கரை எவ்வளவு, கால் புண் ஏன் ஆறவில்லை என்று அதன்பின் அவரை நிறுத்தமுடியவில்லை. அலமாரியைத் திறந்து புட்டிகளை எடுத்துவந்து மேசையில் அடுக்கினார்.

அந்த வாரமே இரண்டாம் சுற்றுக்குத் திட்டம் எழுதினேன். எங்களுக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான்: இந்த மாதம் இந்த வீட்டில் எத்தனை பேர் முடியாமல் படுத்தார்கள், எவ்வளவு நாள். அதை மூன்று இடத்திலும் மூன்று விதமாகக் கேட்பது. குப்பத்தில் கட்டுமரங்கள் கரையேறி, மீன் விற்று முடிந்த பிறகு, மாலையில், பெண்கள் மட்டுமே போய், "வீட்ல யாருக்காவது தனியா கஞ்சி வெச்சீங்களா?" என்று கேட்கவேண்டும். ஆலைத் தெருவில் நோய் என்ற சொல்லே வரக்கூடாது. எந்தக் கிழமை மூச்சு முட்டியது, எந்த ஷிப்டு முடித்துப் படியேற முடியவில்லை என்று கேட்கவேண்டும். சொல்தாக்களின் தெருவில் மருத்துவரின் வருகையைப் பற்றிக் கேட்கவேண்டும். கேள்வித்தாளைத் தூக்கிப் பிடிக்காமல், மனப்பாடம் செய்துகொண்டு போகவேண்டும்.

இந்தத் திட்டத்தை, இரண்டாம் சுற்றுக்கு ஒரு வீட்டுக்குக்கூடப் போகும் முன்பே எழுத்தில் கொடுத்தேன் என்பதைப் பாயசப் பந்தியில் சிரித்தவர்கள் கவனிக்கவேண்டும். பதிலைப் பார்த்துவிட்டுக் கேள்வியைத் திருத்துவது மோசடி. கேள்வி ஏன் தவறு, எப்படித் திருத்துகிறேன், அதே வீடுகளில் மறுபடி எப்போது கேட்பேன் என்று முன்கூட்டியே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுப்பது முறை. இணை இயக்குநரின் அறையில் முத்திரை போட்டு வாங்கிக்கொண்டார்கள். அவர் அதைப் படிக்கவில்லை. அது என் பிழையன்று.

குப்பத்தில் மாலை வேலை என்றால் வீடு திரும்ப விளக்கு வைத்த பிறகு ஆகிவிடும். நான் அண்ணன் வீட்டில் இருந்தேன். நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்த அவருக்கு ஊர் என்ன சொல்லும் என்பது சட்டப்புத்தகத்தைவிடப் பெரிய நூல். ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்.

"இருட்டற நேரத்துல குப்பத்துல உனக்கு இன்னா வேல? தெருவுல கேக்கறாங்க."

"யார் கேக்கறாங்க?"

"யாரா இருந்தா என்ன? கேக்கறாங்க."

"கேக்கறவங்கள எங்கிட்ட கேக்கச் சொல்லுங்கண்ணே. கேள்வி கேக்கறதுதான் என் உத்தியோகம். எப்படிக் கேக்கணும்னு அவங்களுக்குச் சொல்லித் தரேன்."

அண்ணி தட்டில் குழம்பு ஊற்றியபடி, "காலையிலேயே போயிட்டு வரலாமேம்மா" என்றார்.

"காலையில போனா பொய்தான் கெடைக்கும் அண்ணி. சாயங்காலம் போனா உண்மையும் கெடைக்கும், மலிவா சங்கரா மீனும் கெடைக்கும்."

அண்ணி சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. என் பெயரைப் பற்றி அவருக்கிருந்த அக்கறையைவிட எனக்கிருந்தது அதிகம். ஆனால் எந்தப் பெயர் என்பதில்தான் எங்களுக்குள் வேறுபாடு. குப்பத்துக்கு மாலையில் போனவள் என்ற பெயரைத் தாங்கிக்கொண்டு நான் பிழைத்திருப்பேன். நோயுற்ற குழந்தைகளை ஆரோக்கியமென்று எழுதிக் கையெழுத்திட்டவள் என்ற பெயரோடு பிழைத்திருக்கமாட்டேன்.

இரண்டாம் சுற்று முடிந்தது. குப்பத்துத் தாள்களில் இப்போது காய்ச்சலும் பேதியும் சொறியும் பக்கம் பக்கமாக இருந்தன. மூன்று இடங்களிலும் எண்ணிக்கை ஏறியிருந்தது. ஆனால் கைக்குழந்தைகளின் நோயில் குப்பம் மற்ற இரண்டையும் விட்டு வெகுதூரம் மேலே நின்றது. அட்டவணையைக் கண்டதும் இணை இயக்குநர் எல்லாரையும் கூட்டினார். நீளமேசையின் இருபுறமும் மருத்துவ அலுவலர்கள், எழுத்தர்கள், நான்.

"இதென்ன கூத்து? ஒரு எடத்துல கஞ்சியப் பத்திக் கேட்டிருக்கீங்க, ஒரு எடத்துல டாக்டரப் பத்தி! ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு கேள்வின்னா எதை எதோட கம்பேர் பண்றது? யூனிஃபார்மிட்டி போச்சுன்னா சர்வேயே போச்சு."

"கஞ்சியக் கணக்கு பண்ணல சார். யார் எத்தனை நாள் படுத்தாங்கன்னு மூணு எடத்துலயும் ஒரே மாதிரிதான் கணக்கு பண்ணியிருக்கோம்."

"அச்சடிச்ச கேள்வி சிம்பிளா இருக்கு. படிச்சா பதில் சொல்லப்போறான். இதுல என்ன கஷ்டம்?"

அந்த வாரம் முழுவதும் இணை இயக்குநருக்கு வயிறு சரியில்லை. ஏதோ கல்யாண விருந்து. கோப்பு எடுத்துக்கொண்டு போனால் பாதிப் பக்கத்தில் எழுந்து போய்விடுவார். கடைநிலை ஊழியர் இளநீரும் உப்புப் போட்ட மோரும் சுமந்து மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். அலுவலகத்தில் அறியாதவர் எவருமில்லை.

நான் எழுந்து நின்றேன். அச்சிட்ட தாள் ஒன்றை எடுத்து, அதிலிருந்த இன்னொரு கேள்வியை, கட்டளைப்படி ஒரு சொல்லும் மாற்றாமல் வாசித்தேன்.

"கடந்த ஒரு மாத காலத்தில் தங்களுக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டதா?"

ஒரு மருத்துவ அலுவலர் சன்னலுக்கு வெளியே எதையோ வெகு ஆர்வமாகப் பார்க்கத் தொடங்கினார். இணை இயக்குநரின் முகம் சிவந்தது.

"நோ" என்றார்.

"இல்லை" என்று சொல்லிக்கொண்டே அந்தக் கட்டத்தில் எழுதினேன். "சார் படிச்சவங்க, டாக்டர். கேள்வியும் சிம்பிள்தான். நீங்க சொன்ன பதில அப்படியே எழுதிட்டேன். இதையும் ஃபைல்ல சேத்துடவா?"

மேசையின் கோடியில் எவரோ அடக்கமாட்டாமல் இருமினார். "கெட் அவுட்" என்றார் இணை இயக்குநர். நான் தாள்களை அடுக்கி, நாடாவைக் கட்டி, நிதானமாக வெளியே வந்தேன். இது மரியாதையற்ற செயல் என்று அப்போதும் சொன்னார்கள், இப்போதும் சொல்வார்கள். மரியாதை கெடாத வழிகள் எல்லாவற்றையும் முயன்றுவிட்டுத்தான் இதைச் செய்தேன். நான் எழுதிய குறிப்புகளைப் படித்திருந்தால் அவருக்கு இந்தச் சங்கடம் நேர்ந்திராது.

மறுநாள் தட்டச்சு செய்த ஒரு காகிதம் என் மேசைக்கு வந்தது. இரண்டாம் சுற்று முறையின்றி நடத்தப்பட்டது, ஆகவே அதை விலக்கிக்கொள்கிறேன் என்று இருந்தது. கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். நான் கையெழுத்திட்டால் குப்பம் பட்டியலிலிருந்து நீங்கும், நிலையம் வேறெங்கோ போகும். இடாவிட்டால் அறிக்கை போகாது. ஆய்வு அலுவலரின் கையொப்பம் இல்லாத அறிக்கையைத் தலைநகரில் வாங்கமாட்டார்கள். இணை இயக்குநரே என் அறைக்கு வந்தார்.

"ஏம்மா, உங்க வயசுக்கு இன்னும் எவ்வளவு சர்வீஸ் இருக்கு! ஒரு கையெழுத்து. ஒருத்தருக்கும் நஷ்டமில்ல."

"குப்பத்துக்கு நஷ்டம் சார். எனக்கும் நஷ்டம்."

"அவாளே இல்லேன்னு சொன்னதுக்கு நீங்க ஏன் சண்ட போடறீங்க?"

"அவங்க கடல்ல ஆள் இருக்கறப்ப சொன்னாங்க. நீங்க ஆபீஸ்ல ஆள் இருக்கறப்ப சொன்னீங்க. ரெண்டையும் நான் நம்பத் தயாரா இல்ல."

அவர் காகிதத்தை என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். தலைநகரிலிருந்து நினைவூட்டல்கள் வந்துகொண்டிருந்தன. வெகுநாள் இழுத்தடித்த பிறகு, வேறு வழியின்றி, இரண்டு சுற்று அட்டவணைகளும் என் குறிப்போடு போயின. "ஆய்வு அலுவலர் மாறுபட்ட கருத்துடையவர்" என்று அவர் மேலே எழுதிச் சேர்த்திருந்தார். அந்த வரிக்காக நான் அவருக்கு நன்றியுடையவள். என்னைப் பற்றி அலுவலகம் எழுதியவற்றில் முழு உண்மையாக இருந்தது அதுதான். தலைநகரின் குழுவில் யாரோ ஒருவர் முதல் அட்டவணையின் பூஜ்யங்களைப் பார்த்து, மழைக்குப் பின் ஒரு மீனவக் குப்பத்தில் இது எப்படிச் சாத்தியம் என்று எழுதிக் கேட்டார். விளக்கம் என் குறிப்பிலேயே இருந்தது. நிலையம் வைத்திக்குப்பத்துக்கு ஒதுக்கப்பட்டது. அதே மாதத்தில் நான் காரைக்காலுக்கு மாற்றப்பட்டேன்.

"இப்பத் திருப்தியா?" என்றார் அண்ணன்.

"திருப்திதாண்ணே" என்று சொல்லிப் பெட்டியைக் கட்டினேன்.

காரைக்காலில் பிறப்பு இறப்புப் பதிவுகளைச் சரிபார்க்கும் வேலை. அங்கிருக்கும்போதுதான் செய்தி வந்தது: வாடகைக் கட்டடத்தில் நிலையம் திறந்துவிட்டார்கள், செவிலியர் ஒருவரும் வந்துவிட்டார், ஆனால் நோயாளிகளே வருவதில்லை, இப்படியே போனால் மூடிவிடுவதாகப் பேச்சு. நிலையத்தின் நேரம் காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டுவரை. கடிதம் எழுதினேன். பதில் இல்லை. மறுபடி எழுதினேன். பின்பு விடுப்புப் போட்டுவிட்டுப் பேருந்து ஏறினேன்.

செவிலியர் கருவடிக்குப்பத்தில் குடியிருந்தவர். குடும்பக்காரர், களைத்த முகம். நான் யாரென்று சொன்னதும் எழுந்து நின்றார், உட்காரச் சொன்னேன்.

"காலையில ஒருத்தரும் வரமாட்டாங்க. சாயங்காலம் தொறந்து பாருங்க."

"சாயங்காலம்னா நான் வூடு போய்ச் சேர இருட்டிடும்மா. எங்க மாமியாரு ஒரு பக்கம், அக்கம்பக்கம் ஒரு பக்கம்… நீங்க படிச்சவங்க, உங்கள யாரும் கேக்கமாட்டாங்க. எங்கள கேப்பாங்க."

"என்னையும் கேட்டாங்க. இந்த வாரம் சாயங்காலம் தொறங்க. என் விடுப்பு முடியறவரைக்கும் நானே உங்க கூட நடந்து வந்து வீட்ல விட்டுட்டுப் போறேன். யாராவது கேட்டா நான் பதில் சொல்றேன்."

அவர் நம்பவில்லை. ஆனாலும் திறந்தார். முதல் மாலை இரண்டொருவர் எட்டிப்பார்த்தார்கள். மூன்றாம் மாலை, காலி மீன்கூடைகளை வாசலில் கவிழ்த்துவைத்துவிட்டு, பெண்கள் குழந்தைகளோடு சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். இடம் போதாமல் ஒருத்தி இன்னொருத்தியை இடித்துக்கொண்டிருந்தாள். செவிலியர் ஒவ்வொருத்தியிடமும், கஞ்சி குடித்ததா, கக்கியதா, எத்தனை வாட்டி போனது என்று கேட்டுக் கேட்டு எழுதினார். நான் கதவருகே நின்றேன்.

"இந்தாம்மா, ஒங்களத்தான்," என்றாள் சுவரோரத்தில் இருந்த ஒருத்தி. "சும்மா நின்னுகினு வழிய மறைக்காதீங்க. புள்ள எதுவும் கொண்டாரலன்னா அப்பால போங்க, காத்து வரட்டும்."

விலகி வெளியே வந்து நின்றேன். விளக்கேற்றி வெகுநேரம் கழித்துத்தான் கடைசிக் குழந்தையையும் பார்த்து முடிந்தது. செவிலியர் கதவைப் பூட்டினார். இருவரும் கடற்கரையை விட்டு மேலேறி வடக்கே நடந்தோம். கருவடிக்குப்பத்துத் தெருமுனையில், கடை வாசலில் நின்றிருந்த ஆண்கள் பேச்சை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். செவிலியர் தலையைக் குனிந்துகொண்டார். நான் குனியவில்லை. அவர்களுக்கு எதிரிலேயே நின்று, மறுநாள் மாலை எத்தனை மணிக்குத் திறப்பது என்று அவரிடம் உரத்த குரலில் கேட்டேன்.